வெளிநாட்டுக் கல்விக்குப் புறப்படுமுன் வீட்டில் பேச வேண்டியவை

(ஆலய ஆண்டுத் திருவிழாவையொட்டி நடைபெற்ற மாணவர் வழிகாட்டிக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அன்னதானம் முடிந்த கையோடு, வெயில் தாழாத இவ்வேளையில் ஓர் உரையைக் கேட்க அமர்வது எத்துணைக் கடினம் என்பதனை நான் அறிவேன். ஆகவே உங்கள் பொறுமையை நெடுநேரம் சோதிக்க மாட்டேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் மாணவர் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தங்கள் என்னும் தலைப்பைச் செயலாளர் அவர்கள் எனக்கு அளித்திருக்கிறார். கம்பளிச் சட்டை, விமானச் சீட்டு, பெட்டியின் எடை ஆகியவற்றைப் பற்றி நான் பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவற்றையும் சொல்வேன், ஆனால் கடைசியில், சில வரிகளில். அதற்கு முன், பெட்டியைத் திறப்பதற்கு முன்னரே, வீட்டார் அனைவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவருக்கொருவர் எதையும் மறைக்காமல் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய சில செய்திகள் உள்ளன. அப்படியொரு பேச்சு எங்கள் வீட்டில் நடைபெறவில்லை. அது நடைபெறாததனால் யார் எதை இழந்தார்கள் என்பதனை இன்று இந்த அவையில் சொல்ல வேண்டும் என்றே வந்திருக்கிறேன்.

கல்விக்காக நம் நாட்டவர் கடல் கடப்பது புதிதன்று. 1952 முதல் 1962 வரை இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்கு அருகில் கிர்க்பி என்னுமிடத்தில் இயங்கிய மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நம் நாட்டு இளைஞர்கள் பயின்றனர். இங்குள்ள மூத்தோரில் சிலர், கிர்க்பியில் பயின்று திரும்பிய ஓர் ஆசிரியரிடம் ஆங்கிலமோ கணிதமோ கற்றிருக்கக்கூடும். அவர்களுடைய செலவை அரசாங்கம் ஏற்றது. திரும்பி வந்ததும் என்ன வேலை என்பது புறப்படும்போதே தெரிந்திருந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் உதவிச்சம்பளம் பெற்று ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் சென்றவர்களின் நிலையும் ஏறத்தாழ அதுவே. அவர்கள் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது குளிரைத் தாங்கும் உடலும் படிக்கும் உறுதியும் மட்டுமே.

அந்நிலை நிலைக்கவில்லை. 1980ஆம் கல்வியாண்டு முதல் பிரிட்டன் வெளிநாட்டு மாணவரிடம் படிப்பின் முழுச் செலவையும் கட்டணமாகப் பெறத் தொடங்கியது. மறு ஆண்டில் அப்போதைய பிரதமர் டாக்டர் மகாதீர், பிரிட்டிஷ் பொருள்களைக் கடைசியாகவே வாங்குவது என்னும் கொள்கையை அறிவித்ததற்கு அக்கட்டண உயர்வும் ஒரு காரணம். அதன்பின் முதலிரு ஆண்டுகள் கோலாலம்பூரில், இறுதி ஆண்டு வெளிநாட்டில் என்று பிரித்துப் படிக்கும் முறை தனியார் கல்லூரிகளில் பரவியது. 'ட்வின்னிங்' என்று அதனை நாம் அழைத்தோம். தோட்டத்துப் பிள்ளைகளும் வெளிநாட்டுப் பட்டத்தை எட்டிப் பார்க்கலாம் என்னும் துணிவு அப்போதுதான் பிறந்தது. அந்தத் துணிவில் புறப்பட்டவர்களுள் நானும் ஒருவன்.

என் தந்தையார் கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணிக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை பயின்றவர். மாலை நேரங்களில் மாடு வளர்த்துப் பால் விற்றார். 1995இல் என்னைக் கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் பொறியியல் படிக்கச் சேர்த்தார். 1997ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் நான் பயில வேண்டிய இறுதி ஆண்டுக்கான கணக்கை, நீளமான ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதினார். ஒரு பவுண்டுக்கு 4 ரிங்கிட் என்று அதன் தலைப்பில் குறித்தார். அன்றைய நிலவரப்படி அக்குறிப்பு சரியே. சேமநிதிப் பணம் இவ்வளவு, மாடு விற்ற பணம் இவ்வளவு, சீட்டுப் பணம் இவ்வளவு என்று கூட்டிப் பார்த்து, போதும் என்று புத்தகத்தை மூடினார். அந்தக் கணக்கை அவர் தனியே இருந்து போட்டார். நான் அருகில் இல்லை. என் தாயாரும் தங்கையும் சமையற்கட்டில் இருந்தார்கள்.

அவ்வாண்டு ஜூலையில் தாய்லாந்து நாணயம் வீழ்ந்தது. அதனைத் தொடர்ந்து ரிங்கிட்டும் வீழ்ந்தது. செப்டம்பரில் நான் விமானம் ஏறியபோதே பவுண்டு 5 ரிங்கிட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. 1998 ஜனவரியில் அது 7 ரிங்கிட்டைத் தாண்டியது. எஞ்சிய கட்டணத்தைச் செலுத்த வேண்டிய மாதமும் அந்த ஜனவரிதான். அதே மாதத்தில் நான் எழுதிய தேர்வுகளில் இரண்டு தாள்களில் தோல்வியுற்றேன்.

தந்தையாருக்கு நான் எழுதிய கடிதத்தில், தேர்வுகளை நன்றாக எழுதியிருப்பதாகக் குறிப்பிட்டேன். அவர் எனக்கு எழுதிய நீல நிற வான்கடிதத்தில், பணத்துக்கு ஒரு குறையும் இல்லை, நாணய வீழ்ச்சி நம்மைப் பாதிக்கவில்லை, தங்கையும் நன்றாகப் படிக்கிறாள் என்று எழுதியிருந்தார். அந்த இரண்டு கடிதங்களும் ஏதோ ஒரு கடலுக்கு மேல் ஒன்றையொன்று கடந்து போயிருக்கும். இரண்டும் அன்பினால் எழுதப்பட்டவை; இரண்டிலும் உண்மை இல்லை.

ஆகஸ்டு மாதத்தில் மறுதேர்வு எழுதிவிட்டு, செப்டம்பர் முதல் வாரத்தில் நாடு திரும்பினேன். அரசாங்கம் ஒரு டாலருக்கு 3 ரிங்கிட் 80 காசு என்று நாணயத்தைக் கட்டி நிறுத்திய வாரம் அது. கோலாலம்பூரிலிருந்து இரவுப் பேருந்தில் ஏறி, விடியற்காலையில் எங்கள் தோட்டத்துச் சிம்பாங்கில் இறங்கினேன். பெட்டியோடு நின்றுகொண்டிருந்த வேளையில் தொழிற்சாலைப் பேருந்து ஒன்று வந்து நின்றது. பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இரவு வேலை முடித்துத் திரும்பிய பெண்கள், சீருடையோடு ஒருவர் பின் ஒருவராக இறங்கினர். நான்காவதாக இறங்கியவள் என் தங்கை.

எஸ்.பி.எம். தேர்வில் அவள் என்னைவிடச் சிறந்த தேர்ச்சி பெற்றிருந்தாள். ஆறாம் படிவத்துக்குப் போக வேண்டியவள். அந்த ஆண்டு மார்ச் மாதத்திலிருந்து தொழிற்சாலையில் நின்றபடி வேலை பார்த்து, சம்பளத்தைத் தந்தையாரிடம் கொடுத்திருக்கிறாள். தந்தையார் அதைப் பவுண்டாக மாற்றி எனக்கு அனுப்பியிருக்கிறார். 'அண்ணே, பரீட்சை எல்லாம் நல்லபடியா முடிஞ்சதா?' என்று மட்டும் அவள் கேட்டாள். அதற்கு நான் உடனே விடை சொல்லவில்லை. சொல்லும்படியான விடை என்னிடம் இல்லை.

அவையோரே, இக்கதையை இரக்கம் தேடிச் சொல்லவில்லை. மறுதேர்வில் தேறினேன், பட்டமும் கிடைத்தது. ஆனால் நாங்கள் மூவரும் ஒரு மேசையில் அமர்ந்து பேசியிருப்போமானால், வேறு வழிகள் இருந்தன. இறுதி ஆண்டை ஓராண்டு தள்ளிவைத்திருக்கலாம். 1998இலேயே, வெளிநாட்டுப் பட்டத்தின் மூன்று ஆண்டுகளையும் இங்கேயே முடிக்கும் 'மூன்று கூட்டல் பூச்சியம்' முறைக்கு அரசாங்கம் அனுமதி வழங்கியது. வெளிநாட்டிலிருந்து எத்தனையோ மாணவர்கள் பாதியில் திரும்பிய நேரத்தில் கிடைத்த வழி அது. எங்களுக்கு அது பற்றிச் சிந்திக்கவும் தோன்றவில்லை. ஏனெனில் சிக்கல் இருப்பதாகவே நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆகவே முதலில் பணத்தைப் பற்றியே பேசுவோம். பிள்ளையின் எதிரில் பணத்தைப் பற்றிப் பேசுவது பண்பாகாது என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம் உண்டு. பதினெட்டு வயதுப் பிள்ளையைத் தனியாக ஏழு கடல் தாண்டி அனுப்பத் துணிகிறவர்கள், அந்தப் பிள்ளையிடம் வீட்டின் கடனைச் சொல்ல ஏன் தயங்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

பெரும்பாலோர் முதலாண்டுக் கணக்கையே போடுகிறார்கள். கட்டணம், விமானச் சீட்டு, விசா என்று கூட்டி, இதைத் திரட்டிவிட்டால் பிள்ளை போய்ச் சேர்ந்துவிடுவான், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். போய்ச் சேருவது ஒரு நாள் செலவு. இருந்து முடிப்பதுதான் கணக்கு. பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். லண்டனுக்கு வெளியே பயிலும் மாணவர் மாதம் 1,171 பவுண்டு வீதம், 9 மாதங்கள் வரைக்கும் வாழ்க்கைச் செலவுக்குப் பணம் வைத்திருக்க வேண்டும் என்பது 2025 நவம்பரில் வந்த விதி. ஒரு பவுண்டை 6 ரிங்கிட்டாக வைத்துக்கொண்டால் அது ஏறத்தாழ 63,000 ரிங்கிட். கட்டணம் இதற்குப் புறம்பானது. விதிக்கு 9 மாதம் போதும். வயிற்றுக்கு 12 மாதம் ஆயிற்றே! கோடை விடுமுறையில் ஊர் திரும்பினால் விமானச் சீட்டு. திரும்பாவிட்டால் வாடகையும் சாப்பாடும். அதையும் எழுதுங்கள். அரசாங்க மருத்துவச் சேவைக்காக மாணவர் ஆண்டுக்கு 776 பவுண்டு செலுத்த வேண்டும். ஆண்டுக்கு ஒன்று என்றதும் ஆண்டுதோறும் கட்டலாம் என்று எண்ணிவிடாதீர்கள். விசாவுக்கு விண்ணப்பிக்கும் அன்றே படிப்புக் காலம் முழுமைக்கும் சேர்த்துக் கட்டியாக வேண்டும். மூன்றாண்டுப் படிப்பாயின் அது மட்டுமே 14,000 ரிங்கிட்டுக்குக் குறையாது. இத்தொகைகள் அடிக்கடி மாறுகின்றன. சென்ற ஆண்டு போய்ச் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்ட கணக்கு இவ்வாண்டுக்கு உதவாது.

பிறகு, அதே கணக்கை மூன்று முறை போடுங்கள். முதல் முறை இன்றைய நாணய மாற்று விகிதத்தில். இரண்டாம் முறை, பவுண்டோ ஆஸ்திரேலிய டாலரோ பத்து விழுக்காடு ஏறிவிட்டதாக வைத்து. மூன்றாம் முறை, கால் பங்கு ஏறிவிட்டதாக வைத்து. மூன்றாவது கணக்கில் துண்டு விழும். எங்கள் தலைமுறைக்கு அது கால் பங்கோடு நிற்கவில்லை என்பதனை மறந்துவிடாதீர்கள். துண்டு விழும் இடத்தில், அதை ஈடுகட்டப் போவது யார் என்று ஒரு பெயரை எழுதுங்கள். வெறும் தொகையை எழுதினால் போதாது. பெயரை எழுத வேண்டும். என் தந்தையாரின் புத்தகத்தில் அவ்விடம் வெறுமையாக இருந்தது. அங்கே என் தங்கையின் பெயர் யாரும் எழுதாமலேயே வந்து விழுந்தது.

சேமநிதியைப் பற்றி ஒரு சொல். பிள்ளைகளின் உயர்கல்விக்காக ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க வழியுண்டு. முன்னர் இரண்டாம் கணக்கு என்றிருந்தது, 2024 மே மாத மாற்றத்திற்குப்பின் செஜாத்ரா கணக்கு என வழங்குகிறது. எடுப்பது குற்றமன்று, ஆனால் ஐம்பத்தைந்து வயதில் உங்கள் கையில் என்ன மிஞ்சும் என்பதனையும் பிள்ளைக்குக் காட்டிவிட்டு எடுங்கள். பி.டி.பி.டி.என். கடன் உள்நாட்டு உயர்கல்விக் கூடங்களில் பயில்வோருக்கே உரியது. வெளிநாட்டுப் படிப்புக்கு அதனை நம்பியிருப்பது வீண். 1984இல் தொடங்கப்பெற்ற எம்.ஐ.இ.டி. போன்ற நம் சமுதாயக் கல்வி நிதிகளை நாடலாம். அங்கு என்ன நிபந்தனைகள் என்பதனை நேரில் சென்று கேட்டறியுங்கள். அரசாங்க உபகாரச் சம்பளம் பெறுவோர், எத்தனை ஆண்டு பணியாற்றக் கடமைப்பட்டுள்ளோம் என்னும் ஒப்பந்தப் பகுதியைக் கையொப்பமிடுமுன் வாசிக்க வேண்டும். உறவினர் ஒருவர் பிணையாளராகக் கையொப்பமிட்டால், அவரும் வாசிக்க வேண்டும். மாமா என்ற உரிமையில் வாசிக்காமல் கையொப்பமிட்டு, பின்னர் உறவே முறிந்துபோன குடும்பங்களை நான் அறிவேன்.

இங்கே நான் வருத்தத்தோடு கண்டிக்க வேண்டிய வழக்கம் ஒன்றுண்டு. பிரிட்டிஷ் விசா விதிப்படி, காட்ட வேண்டிய பணம் தொடர்ச்சியாக 28 நாள் வங்கிக் கணக்கில் இருந்திருக்க வேண்டும். மலேசியர்கள் அதற்குரிய சான்றை விண்ணப்பத்தோடு பொதுவாக இணைக்க வேண்டியதில்லை என்னும் சலுகை உண்டு. எனினும் அதிகாரிகள் எப்போது வேண்டுமாயினும் கேட்கலாம். இதற்காக வட்டிக்காரரிடம் ஒரு மாதத்துக்குப் பணம் வாங்கி, வங்கியில் போட்டுக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்கள். காட்டிய பணம் திரும்பிப் போய்விட்டது. பிள்ளையோ அங்கே போய்விட்டான். அடுத்த மாத வாடகையை எதைக் கொண்டு கட்டுவான்? விசா அதிகாரி அந்தத் தொகையைக் கேட்பது நம்மை அலைக்கழிக்க அன்று. அது இல்லாமல் அங்கே பிழைக்க இயலாது என்பதால் கேட்கிறார்.

பகுதி நேர வேலை பார்த்துக் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் கல்வித் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமே வேலை செய்யலாம். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் இரண்டு வாரங்களுக்கு 48 மணி நேரம் என்பது வரம்பு. அந்த வருமானம் சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் உதவும். கட்டணத்தின் பக்கத்தில்கூட நெருங்காது. வரம்பை மீறினால் விசாவுக்கே ஆபத்து. நானே ஓர் உணவகத்தின் பின்கட்டில் நள்ளிரவு வரை சட்டி கழுவியிருக்கிறேன். அதில் நான் ஈட்டியது கொஞ்சம். மறுநாள் காலை விரிவுரையில் தூங்கி இழந்தது அதிகம். தோற்ற இரண்டு தாள்களும் காலை எட்டு மணிப் பாடங்கள் என்பதனைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்; ஆனால் நினைவில் வையுங்கள்.

ஆஸ்திரேலியாவைப் பற்றிப் பேச்சு வந்ததனால் இதனையும் சொல்லிவிடுகிறேன். அங்கு மாணவர் விசாவுக்கான விண்ணப்பக் கட்டணம் 2025 ஜூலையில் 2,000 ஆஸ்திரேலிய டாலராக உயர்ந்தது. விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பி வராது. அங்குப் படிக்கப் போவதன் உண்மையான காரணத்தை மாணவரே எழுதி விளக்க வேண்டும் என்பதும் 2024 மார்ச் முதல் உள்ள நடைமுறை. அதை முகவரிடம் எழுதி வாங்காதீர்கள். ஏன் இந்தப் படிப்பு, ஏன் அந்த நாடு, முடித்துவிட்டு என்ன செய்யப் போகிறாய் என்னும் கேள்விகளுக்குப் பிள்ளையால் தன் சொந்தச் சொற்களில் பத்து வரி எழுத இயலவில்லையென்றால், இன்னும் ஓராண்டு இங்கிருந்து சிந்திப்பது நல்லது.

முகவர் என்றேன். கல்வி முகவர்களில் நல்லவர்கள் பலர் உண்டு. ஆயினும் பெரும்பாலான முகவர்களுக்குப் பல்கலைக்கழகங்களே தரகுப் பணம் கொடுக்கின்றன என்பதனைப் பெற்றோர் தெரிந்திருக்க வேண்டும். 'எங்கள் சேவை இலவசம்' என்பதன் பொருள் அதுதான். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், மகளுக்கு மருத்துவப் படிப்புக்கு இடம் வாங்கித் தருவதாக ஒரு முகவர் வந்தார். கட்டணம் குறைவு, இடம் உறுதி, பிற்பகலுக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்றார். அந்தத் தாய் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டார்: இந்தப் பட்டத்தோடு வந்தால் என் மகள் இங்குள்ள மருத்துவமனையில் வேலை பார்க்க முடியுமா? முகவர் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார். அவர்கள் பணம் கட்டவில்லை.

அந்தத் தாயின் கேள்வியைத்தான் நீங்கள் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். மருத்துவமாயின், அப்பல்கலைக்கழகத்தின் பெயர் மலேசிய மருத்துவ மன்றம் அங்கீகரித்த பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். இல்லையெனில் திரும்பி வந்தபின் தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். 2005இல் கிரிமியா மருத்துவப் பல்கலைக்கழகப் பட்டத்தின் அங்கீகாரம் விலக்கப்பட்டபோது நம் சமுதாயத்தில் எழுந்த கலக்கத்தை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். சட்டப் படிப்பாயின், பட்டம் பெற்றவுடன் நீதிமன்றம் ஏறிவிட இயலாது. வழக்கறிஞர் தகுதி வாரியம் எந்தப் பட்டங்களை ஏற்கிறது, அதன்பின் சி.எல்.பி. தேர்வு எழுத வேண்டுமா என்று முன்கூட்டியே அறியுங்கள். அந்தத் தேர்வுக்கு ஆகும் ஓராண்டுச் செலவையும் கணக்கில் சேருங்கள். பொறியியலாயின் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் கேளுங்கள். அங்கேயே வேலை தேடி இருந்துவிடுவான், இங்கு அங்கீகாரம் எதற்கு என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார். பிரிட்டனில் படிப்பு முடித்தோர் தங்கி வேலை தேட இரண்டு ஆண்டு அனுமதி 2021 ஜூலையில் வந்தது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு அது பதினெட்டு மாதமாகக் குறைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டுள்ளது. பிள்ளை படித்து முடிக்கும் காலத்தில் எது எப்படி இருக்கும் என்று யாரால் சொல்ல இயலும்? பிற நாட்டு அரசாங்கத்தின் தயவை நம்பி நம் வீட்டுக் கணக்கை எழுதக் கூடாது.

சற்று இளைப்பாறுதலாக ஒன்று சொல்கிறேன். நம் பிறப்புப் பத்திரத்தில் பிள்ளையின் பெயர், அதன்பின் 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி', அதன்பின் தந்தை பெயர் என்றிருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. வெளிநாட்டு விண்ணப்பங்களோ குடும்பப் பெயர் என்ன என்று கேட்டே தீரும். நடுவிலுள்ள சாய்கோட்டைப் பல கணினிகள் ஏற்காது. எஸ்.டி.பி.எம். சான்றிதழில் ஒரு விதமாகவும், ஆங்கிலத் தேர்வுச் சான்றிதழில் வேறு விதமாகவும், கடப்பிதழில் மற்றொரு விதமாகவும் பெயர் அமைந்துவிட்டால், மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க அலைய வேண்டிவரும். ஆகவே கடப்பிதழில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்துக்கொண்டு, எல்லாப் படிவங்களிலும் ஒரே முறையில் எழுதுங்கள். எனக்கு அங்கு என்ன நேர்ந்தது தெரியுமா? பல்கலைக்கழகம் என் தந்தையாரின் பெயரையே என் குடும்பப் பெயராகப் பதிந்துகொண்டது. விரிவுரையாளர் அப்பெயரைச் சொல்லி அழைத்தார், நூலகத்தில் அப்பெயர், வாடகைச் சீட்டில் அப்பெயர். கட்டணம் கட்டச் சொல்லி வந்த நினைவூட்டுக் கடிதங்களிலும் 'திரு' என்று போட்டு அவர் பெயர்தான். பால்மரக் காட்டைவிட்டு வெளியே போகாத மனிதர், ஓராண்டுக் காலம் இங்கிலாந்தில் மரியாதையோடு அழைக்கப்பட்டார். இதை ஊர் திரும்பியதும் அவரிடம் சொன்னேன். வெகுநேரம் சிரித்தார். அவர் வட்டிக்கு வாங்கிய பணத்தைப் பற்றி எங்களிடம் முதன்முதலாகச் சொன்னதும் அந்த இரவில்தான்.

மாணவச் செல்வங்களே, இனி உங்களுக்கு. அங்கு ஆசிரியர் தேடி வந்து கேட்க மாட்டார். நீங்கள் வகுப்புக்கு வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்ப மாட்டார். ஆனால் நீங்கள் கதவைத் தட்டினால் திறப்பதற்கென்று ஒருவரை நியமித்திருப்பார்கள். தோற்றபின் அவரிடம் போவதைவிட, பாடம் புரியாத மூன்றாவது வாரத்தில் போவது மேல். நான் போகவில்லை. ஆசிரியரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நம் பள்ளிகளில் நாம் பழகிய பணிவு அங்கே எனக்குப் பகையாயிற்று. மனப்பாடம் செய்து நூலில் உள்ளவாறே எழுதினால் இங்கு மதிப்பெண் கிடைத்தது; அங்கு யாருடைய கருத்து என்று குறிப்பிடாமல் எழுதினால் திருட்டு என்பார்கள். கட்டுரை எழுதும் முறையைப் போகுமுன்னரே பயிலுங்கள். தவணை தொடங்கியபின் அதற்கு நேரமிராது.

இன்னொரு வாக்குறுதியையும் புறப்படுமுன் வீட்டில் கேட்டுப் பெறுங்கள். தோற்றால் ஒரு வாரத்துக்குள் வீட்டுக்குச் சொல்வேன் என்று நீங்கள் சொல்லுங்கள். சொன்னால் திட்டமாட்டோம் என்று பெற்றோர் சொல்லட்டும். பணம் முடைப்பட்டால் ஒரு வாரத்துக்குள் பிள்ளையிடம் சொல்வோம் என்று பெற்றோரும் சொல்லட்டும். எங்கள் காலத்தில் தொலைபேசி அட்டை வாங்கி, தெருமுனைச் சாவடியில் குளிரில் நின்று, மணித்துளி எண்ணிப் பேசினோம். இப்போது நாள்தோறும் முகம் பார்த்துப் பேசுகிறீர்கள். முகம் பார்த்தும் மறைக்க முடிகிறது என்பதனை, அண்மையில் நண்பர் ஒருவரின் மகன் ஓராண்டுத் தோல்வியை மறைத்ததைக் கண்டபின் அறிந்துகொண்டேன்.

பெட்டியைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். தடித்த குளிர்ச் சட்டையை இங்கு வாங்காதீர்கள். அங்கே பொருத்தமானது கிடைக்கும். டிசம்பரில் இங்கிலாந்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். அந்த இருட்டு மனத்திலும் இறங்கும். சமைக்கத் தெரிந்த பிள்ளை அதைத் தாங்கிக்கொள்வான். ஆகவே ஆண் பிள்ளைகளுக்கும் ஒரு குழம்பு, ஒரு பொரியலாவது கற்றுக்கொடுங்கள். ஆஸ்திரேலியாவுக்கு ஊறுகாயும் மசாலைத் தூளும் கொண்டு செல்வோர், விமானத்தில் கொடுக்கும் படிவத்தில் அதனை அறிவித்துவிட வேண்டும். மறைத்தால் அபராதம் உண்டு. மூலச் சான்றிதழ்களைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, நகல்களை வீட்டில் விட்டுச் செல்லுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒன்று எஞ்சியுள்ளது. மேசையைச் சுற்றி அமரும்போது தங்கைகளையும் தம்பிகளையும் சமையற்கட்டில் விட்டுவிடாதீர்கள். மூத்தவன் படிப்புக்கு வீட்டை அடகு வைக்கும்போது, இரண்டு ஆண்டு கழித்து இளையவளின் முறை வரும் என்பதனை எழுதி வைத்துவிட்டுத்தான் கையொப்பமிட வேண்டும். அவளுக்கு அதில் ஒப்புதல் உண்டா என்று கேளுங்கள். உண்டு என்று அவள் சொல்லலாம். என் தங்கையும் சொல்லியிருக்கக்கூடும். அவளிடம் யாரும் கேட்கவில்லை என்பதே இன்றளவும் என்னை உறுத்துகிறது. மூன்று கணக்கும் தேறவில்லையென்றால், 1998 முதல் மோனாஷ், 2000 முதல் நோட்டிங்காம் என வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் நம் நாட்டிலேயே வளாகம் நடத்துகின்றன. உள்நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பட்டப்படிப்பை இங்கு முடித்து, மேற்படிப்புக்கு வெளிநாடு செல்லும் வழியும் திறந்தே இருக்கிறது. அந்த முடிவை எடுக்கும் குடும்பத்தை ஊரார் ஏளனமாகப் பார்க்கக்கூடாது. திருமண மண்டபத்தில் 'உங்கள் மகன் லண்டன் போகவில்லையா?' என்று கேட்கும் பழக்கத்தை நாமாவது நிறுத்திக்கொள்ளலாம்.

நிர்வாகக் குழுவின் இசைவோடு, வரும் மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, இம்மண்டபத்தின் பின்னறையில் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் உதவ நாங்கள் சிலர் அமரவிருக்கிறோம். படிவங்களையும் கட்டுரைகளையும் நான் பார்த்துக்கொள்வேன். வரவு செலவுக் கணக்கை மற்றொருவர் பார்ப்பார். தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே இரவு வகுப்பில் கணக்கியல் பயின்று, முப்பத்தைந்து வயதில் தேறியவர். என் தந்தையாரின் அந்த நீளமான கணக்குப் புத்தகம் இன்றும் அவரிடம்தான் உள்ளது. இப்போது பெண்கள் வரிசையில் இரண்டாவதாக அமர்ந்து, தன்னைப் பற்றிப் பேச வேண்டாம் என்று எனக்குச் சைகை காட்டிக்கொண்டிருக்கிறார். வரும்போது பென்சில் கொண்டு வாருங்கள். பேனா வேண்டாம், மூன்று முறை அழித்து எழுத வேண்டியிருக்கும். வீட்டில் உள்ள எல்லாரையும் அழைத்து வாருங்கள்.